மெதட்ட கூப்பிடவே இல்ல, ஆனாலும் டெஸ்ட் பாஸ் ஆகுது, ஏன்?

கயல்_கோடு:
வணக்கம். பைத்தான் 3.10, யூனிட்டெஸ்ட் மாக் (நிஜ ஆப்ஜெக்ட்டுக்கு பதிலா நிக்கிற போலி) வச்சு டெஸ்ட் எழுதுறேன். ஆர்டர்னு ஒரு கிளாஸ், அதுல கன்ஃபர்ம்னு ஒரு மெதட், அது எஸ்எம்எஸ் ஆப்ஜெக்ட்டோட செண்ட் மெதட்ட போன் நம்பரும் கார்ட்ல இருக்குற பொருள் லிஸ்ட்டும் குடுத்து ஒரே ஒரு தடவ கூப்பிடணும், அவ்ளோதான். நிஜ எஸ்எம்எஸ்க்கு பதிலா வெறும் மாக் குடுத்து, கடைசி வரில அஸர்ட் போட்டு பக்கத்துல செண்ட் டாட் கால்டு_ஒன்ஸ்_வித்னு எழுதியிருக்கு. பச்சை, அதாவது பாஸ்னு வருது. சந்தேகத்துல செண்ட் கூப்பிடுற வரியவே கமெண்ட் பண்ணி ஓட்டுனேன், அப்பவும் பச்சை! நம்பர மாத்திப் போட்டாலும் பச்சை. டைப் செக் பண்ற மைபையும் ஒண்ணும் சொல்லல. டீம்ல இதே மாதிரி நிறைய டெஸ்ட் இருக்கு, எத நம்புறதுன்னே தெரியல.

பனைமரம்:
அந்த வரிய கமெண்ட் பண்ணிப் பாத்தீங்க பாருங்க, அதான் சரியான வேல, எல்லா டெஸ்ட்டையும் ஒரு தடவயாவது இப்படி சிவப்பாக்கி, அதாவது ஃபெயில் ஆக்கிப் பாக்கணும்.

என்ன நடக்குதுன்னா, மாக் கிட்ட எந்த அட்ரிப்யூட் (டாட்டுக்கு அப்புறம் வர்ற பேரு) கேட்டாலும் இல்லன்னு சொல்லாது, அங்கயே புதுசா ஒரு மாக் உண்டாக்கிக் குடுத்துரும். கால்டு_ஒன்ஸ்_வித்னு ஒரு மெதட்டே கிடையாது. நீங்க அத கூப்பிட்டதும் இன்னொரு மாக் திரும்பி வருது, அது எப்பவும் ட்ரூ, அஸர்ட்டும் சந்தோஷமா தாண்டிப் போயிருது. உண்மையான பேரு அஸர்ட்_கால்டு_ஒன்ஸ்_வித், அதுக்கு முன்னாடி தனியா அஸர்ட் போடக் கூடாது, அதுவே எர்ரர் தூக்கும். 3.5லயே அஸர்ட்னு ஆரம்பிக்கிற தப்புப் பேர தடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா அஸர்ட்டே இல்லாம எழுதுறத 3.12லதான் பிடிச்சாங்க, அதுல ஓட்டுனா உங்க டெஸ்ட் அட்ரிப்யூட் எர்ரர்னு விழும். மைபை பேசாததுக்கு காரணம், மாக்கோட டைப்ப அது எனினு (எந்த டைப்பா இருந்தாலும் சரின்னு) எடுத்துக்குது, எனி மேல எதக் கூப்பிட்டாலும் அதுக்கு ஓகே.

பழைய டெஸ்ட்ட எல்லாம் கையால தேட வேண்டாம், ரஃப் லின்ட்டர்ல (கோட ஓட்டாமலே தப்பு தேடுற டூல்) பிஜிஎச்005னு ஒரு ரூல் இதுக்குன்னே இருக்கு, போட்டு ஓட்டுங்க.

நிலா_டெவ்:
பேர திருத்துறதோட நிறுத்தாதீங்க சகோ. நாளைக்கு யாராவது செண்ட் மெதட்டுக்கு மூணாவதா ஒரு கட்டாய பராமீட்டர் சேத்தா என்ன ஆகும்? ஆர்டர்ல பழைய மாதிரி ரெண்டு குடுத்துக் கூப்பிடுறீங்க, வெறும் மாக் அதையும் வாங்கிக்கும், டெஸ்ட் பச்சை, ப்ரொடக்ஷன்ல டைப் எர்ரர். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் கோடுல மெதட் சரியா கூப்பிடப்படுதான்னு பாக்குறதுன்னா எனக்கு முதல்ல இதான். அதனால வெறும் மாக்க விட்டுட்டு க்ரியேட்_ஆட்டோஸ்பெக்ல எஸ்எம்எஸ் கிளாஸ குடுத்து, இன்ஸ்டன்ஸ் ட்ரூன்னு போடுங்க. நிஜ கிளாஸோட சிக்னேச்சர (மெதட் எந்தெந்த பராமீட்டர் வாங்கும்னு) பாத்துக்கும், ஆர்க்யுமெண்ட் கூடக் குறைய இருந்தா அங்கயே விழும், இல்லாத மெதட்ட கூப்பிட்டாலும் விழும், உங்க எழுத்துப்பிழை 3.10லயே மாட்டியிருக்கும். நம்பர வரிசைல குடுத்தாலும் பேர் சொல்லி கீவேர்டா குடுத்தாலும் ரெண்டும் ஒண்ணுன்னு அதுக்கு புரியும். ஒரே குறை, இனிட் உள்ள செல்ஃப் போட்டு உண்டாக்குற அட்ரிப்யூட் அதுக்கு தெரியாது.

கயல்_கோடு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆட்டோஸ்பெக் போட்டேன், பேரையும் மாத்திட்டேன், இப்ப செண்ட்ட கமெண்ட் பண்ணா சிவப்பு வருது. ஆனா கமெண்ட்ட எடுத்தாலும் சிவப்பு! எதிர்பாத்தது அரிசி, பருப்பு உள்ள லிஸ்ட், வந்தது காலி லிஸ்ட்னு சொல்லுது. நிஜத்துல எஸ்எம்எஸ் சரியாதான் போகுது.

பனைமரம்:
கன்ஃபர்ம்ல செண்ட்டுக்கு அப்புறம் கார்ட்ட க்ளியர் பண்றீங்களா? மாக் ஆர்க்யுமெண்ட்ட காப்பி எடுத்து வைக்காது, அதே லிஸ்ட்டதான் பிடிச்சு வச்சிருக்கும், நீங்க செக் பண்ற நேரத்துல அது காலியாயிருக்கு. சைட்_எஃபெக்ட்ல சின்ன ஃபங்ஷன் ஒண்ணு குடுத்து, கூப்பிடுற அந்த நிமிஷமே லிஸ்ட்ட காப்பி பண்ணி வச்சு அத ஒப்பிடுங்க. இல்ல செண்ட்டுக்கு டூப்பிளா (லிஸ்ட் மாதிரிதான், ஆனா மாத்த முடியாது) மாத்திக் குடுங்க, எனக்கு இதான் பிடிக்கும், நாளைக்கு செண்ட் பின்னணில வேற த்ரெட்ல ஓடுனாலும் லிஸ்ட் கை மாறிப் போகாது.

கரிசல்:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். இந்த இடத்துக்கு மாக்கே வேண்டாம். எஸ்எம்எஸ் மாதிரியே செண்ட் உள்ள ஒரு சின்ன போலி கிளாஸ் எழுதுங்க, வந்த நம்பர், பொருள் ரெண்டையும் காப்பி பண்ணி ஒரு லிஸ்ட்ல சேக்கணும், அவ்ளோதான், பத்து வரி கூட வராது. அப்புறம் அந்த லிஸ்ட்ட சாதாரண அஸர்ட்ல ஒப்பிடலாம், ஒரு தடவதான் போச்சா, எந்த வரிசைல போச்சு எல்லாம் அதுலயே தெரியும். நிஜ கிளாஸும் போலியும் ஒரே ப்ரோட்டோகால (என்னென்ன மெதட் இருக்கணும்னு சொல்ற டைப்) ஒத்துப் போகுதான்னு மைபை பாத்துக்கும், இங்க எனி கிடையாதே, அதனால சிக்னேச்சர் மாறுனா டெஸ்ட் ஓட்டுறதுக்கு முன்னாடியே கத்தும், ஆனா டைப் ஹின்ட் ஒழுங்கா எழுதியிருக்கணும்.

கயல்_கோடு:
ஆமாண்ணா, @பனைமரம், செண்ட்டுக்கு அடுத்த வரியே க்ளியர்தான். டூப்பிளாக்கிட்டேன், பச்சை. ரஃப் ஓட்டுனதுல மத்த ஃபைல்லயும் நிறைய மாட்டிருக்கு, பேமெண்ட் டெஸ்ட்லருந்து ஒவ்வொண்ணா சிவப்பாக்கிப் பாத்துட்டு வரேன். @கரிசல், அந்த போலி கிளாஸ பேமெண்ட்டுக்கு எழுதிப் பாக்குறேன், அங்க பணம் எடுத்த அப்புறம்தான் எஸ்எம்எஸ் போகணும், வரிசை முக்கியம்.