மறு: சோக் = அடைப்பி? எனக்கு உடன்பாடில்லை

குழுமத்தாருக்கு வணக்கம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உதவும் ‘சோக்’குக்குத் தமிழ்ச் சொல் தேடும் இழைக்கு என் மறுமொழி இது.

> கார்புரேட்டரின் வாயை அடைக்கிறது, ஆகவே ‘அடைப்பி’. சின்னச் சொல், யாருக்கும் புரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

சின்னச் சொல்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் நாம் சொல் தேடுவது பழைய கார்களுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டுக்கு. அதில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்: “அடைப்பியில் அடைப்பு இருக்கிறதா எனப் பார்க்கவும்.” கார்புரேட்டர் வேலையில் அடைப்பு என்றாலே ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சிறுதுளையில், தூசி அடைத்துக்கொள்வதுதான். படிக்கிறவர் சோக்கை விட்டுவிட்டு ஜெட்டைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார்.

> ‘திணறி’ எப்படி? கேட்டவுடன் மனதில் நிற்கிறது.

நிற்கிறது தம்பி, தவறான இடத்தில். வண்டி திணறுகிறது என்று சொன்னால் அது கோளாறு. சோக் சரியாக வேலை செய்தால் குளிர்ந்த இன்ஜின் திணறாமல் ஓடும். ‘நெரிப்பி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடான திராட்டிலுக்கும் அப்படியே பொருந்துவதால் இரண்டில் ஒன்றுக்கு நாளை வேறு சொல் தேட வேண்டிவரும்.

இந்த மூன்றுமே காற்றைத் தடுப்பதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காற்றைத் தடுப்பது வழி, வேலை வேறு. பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. உறிகுழாயின் சுவரில் ஈரமாகப் படிந்துவிடுகிறது. பிளக் அருகே போய்ச்சேரும் ஆவி பற்றிக்கொள்ளப் போதாது. அதனால் கொஞ்ச நேரத்துக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்தாக வேண்டும். வாயில் உள்ள தகட்டை மூடினால் இன்ஜினின் உறிஞ்சல் முழுக்க மெயின் ஜெட்டின் மேல் விழுந்து, பெட்ரோல் கூடுதலாக வரும். அது ஒரு வழி, அவ்வளவுதான்.

வேறு வழிகளும் உண்டு. மாரிஸ் மைனர், பழைய மினி ஆகிய கார்களில் இருக்கும் எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் மூடுவதற்குத் தகடே கிடையாது. சோக் குமிழை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும், கூம்பிய ஊசிக்கும் ஜெட்டுக்கும் உள்ள இடைவெளி அகலும், பெட்ரோல் கூடும். காற்றை யாரும் அடைப்பதில்லை. வெபர் டி.சி.ஓ.இ. வகைக் கார்புரேட்டரில் குளிரில் கிளப்புவதற்கென்றே தனிப் பாதை இருக்கிறது. அங்கும் தகடு இல்லை. ‘அடைப்பி’ என்று அச்சடித்துக் கொடுத்தால், எஸ்.யூ. வைத்திருப்பவர் இல்லாத தகட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

என் பரிந்துரை இரண்டு சொற்கள். முழு அமைப்புக்கும், எந்த வகையாக இருந்தாலும், செறிவி. கலவையைச் செறிவாக்குவது. தகடு இருக்கும் வகைகளில் அந்தத் தகட்டுக்கு மட்டும் மறிதகடு. ‘தானியங்கு செறிவி’ என்று நீட்டவும் வசதி. ‘செறிவூட்டி’ என்று ஏற்கெனவே ஒருவர் முன்வைத்தார். உரம், உணவு, யுரேனியம் என்று ‘செறிவூட்டல்’ பல இடங்களில் புழங்குவதால் அதைத் தவிர்த்தேன்.

சொல் நிற்குமா விழுமா என்பதை ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, ஓட்டிப் பார்ப்பது நல்லது. கையேட்டின் வரைவிலிருந்து:

“தானியங்கு செறிவியைச் சோதிக்க, இன்ஜின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றவும். ஆக்சிலரேட்டரை ஒரு முறை முழுதாக மிதித்து விடவும். மறிதகடு தானாக மூட வேண்டும். மூடாவிட்டால் விரலால் மெல்ல அசைத்துப் பார்க்கவும். பிசுபிசுப்பாக நகர்ந்தால் அச்சில் பெட்ரோல் பிசின் படிந்திருக்கிறது. கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, தகடு தன் எடையிலேயே விழும் வரை அசைக்கவும். எண்ணெய் விடக் கூடாது. தூசியைச் சேர்த்துப் பழையபடி இறுகிவிடும்.

“இன்ஜின் கிளம்பியவுடன் மறிதகடு சில மில்லிமீட்டர் திறக்க வேண்டும். இது, இன்ஜினின் உறிஞ்சலால் தகட்டை இழுத்துத் திறக்கும் வெற்றிட விலக்கியின் வேலை. திறக்காமல் கரும்புகை விட்டு நின்றுபோனால், விலக்கிக்குச் செல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு உள்ளதா, உள்ளே உள்ள சவ்வு கிழிந்ததா என்று பார்க்கவும். குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் தண்டு உள்ளே போய் அப்படியே நிற்க வேண்டும்.

“சில நிமிடங்களில் மறிதகடு செங்குத்தாக நிற்க வேண்டும். மின்சாரத்தால் சூடேறித் தகட்டைத் திறக்கும் மின்செறிவியாக இருந்தால், இன்ஜின் ஓடும்போது அதன் வட்ட மூடியைத் தொடவும். சூடேறவில்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது உள்ளே சூடாக்கும் கம்பி போய்விட்டது. முனையில் டெஸ்ட் லாம்ப் வைத்தால் எது என்று தெரிந்துவிடும். மூடி சூடாகியும் தகடு திறக்காவிட்டால், சூட்டில் வளைந்து தகட்டை நகர்த்தும் ஈருலோகச் சுருளின் கொக்கி தகட்டின் நெம்பிலிருந்து நழுவியிருக்கலாம்.”

படித்த வரையில் எங்கேயும் தடுக்கவில்லை. எஸ்.யூ. பகுதியிலும் அதே சொல் ஓடுகிறது: “செறிவிக் குமிழை உள்ளே தள்ளிய பின்னும் பெட்ரோல் நெடி அடித்து, பிளக் கரி பிடித்திருந்தால், ஜெட் கீழேயே தங்கிவிட்டது. கார்புரேட்டரின் அடியில் விரல் வைத்து ஜெட்டை மேலே தள்ளவும். மேலே ஏறினால் தவறு ஜெட்டில் இல்லை. ஒன்று கேபிள் இறுகியிருக்கிறது, அல்லது திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.” கேபிளைக் கட்டும்போது துளி தொய்வு விடச் சொல்லி அடுத்த வரியில் சேர்த்திருக்கிறேன். பலர் அதை விறைப்பாகக் கட்டிவிடுகிறார்கள். குமிழ் உள்ளே போனாலும் செறிவி பாதி வேலையில் நிற்கிறது. சூடான பிறகும் பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டே இருந்தால் மைலேஜ் குறைவதோடு போகாது. சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, இன்ஜின் ஆயிலிலும் கலந்து அதை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தாலே தெரியும்.

> மெக்கானிக்குகள் ‘சோக்கு’ என்றுதான் சொல்வார்கள். செறிவி என்றால் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். பட்டறையில் சோக்கு இருக்கத்தான் போகிறது, அதை யாரும் பிடுங்கப் போவதில்லை. கையேட்டின் முதல் பக்கத்தில் “செறிவி, அதாவது சோக்கு” என்று ஒரு வரி போட்டால் போயிற்று. ஆனால் எழுத்தில் சோக் என்று மட்டும் விட்டால் டியூப்லைட்டின் சோக் வந்து நிற்கும். பழைய கார்களின் மின்சுற்றைப் பற்றிய அத்தியாயமும் இதே கையேட்டில் இருக்கிறது. ரேடியோ இரைச்சலை அடக்கும் கம்பிச்சுருளுக்கும் பெயர் சோக்தான்.

‘வெற்றிட விலக்கி’ என்பதை இப்போதைக்கு வைத்திருக்கிறேன், அதைவிடக் குறுகியது கிடைத்தால் மாற்றலாம். குளிரில் இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓட வைக்கும் படிப்படியான அந்தச் சின்னத் துண்டுக்கு ‘படி நெம்புருள்’ என்று எழுதியிருக்கிறேன். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

சிக்கல் ஒன்றே ஒன்று: ‘ட்வின் சோக் வெபர்’. அங்கே சோக் என்பது நாம் இவ்வளவு நேரம் பேசியது அல்ல, காற்று போகும் ஒடுங்கிய தொண்டை. ஆகவே ‘இரட்டைச் செறிவி’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ‘இருதொண்டைக் கார்புரேட்டர்’ என்று வரைவில் போட்டிருக்கிறேன். அந்தத் தொண்டைக்கு, அதாவது வெஞ்சுரிக்கு, இக்குழுமத்தில் முன்பே ஏதாவது முடிவாகியிருந்தால் சொல்லுங்கள், அதற்கேற்ப மாற்றிவிட்டு அடுத்த அத்தியாயத்தை அனுப்புகிறேன்.