உட்கார்ந்தா ஏறுது, நடந்தா ஏறல: வாட்ச் ஸ்டெப் கணக்கு

துருவல்கை:
அரை மூடித் தேங்காய் துருவி முடிக்கிறதுக்குள்ள 70 ஸ்டெப்! அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவே இல்ல. சப்பாத்தி மாவு பிசைஞ்சா இவ்வளவு ஏறாது, கை நடுநடுவுல நின்னு திசை மாறிடும். துருவுறப்ப நொடிக்கு ரெண்டு தடவை, ஒரே தாளம். சாதாரண நடையும் நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 அடி, அதே தாளம்தான். வாட்ச் உள்ளே அசைவை அளக்கிற ஆக்சிலரோமீட்டருக்குக் கால் எங்க தெரியும்? துருவாத கைக்கு மாத்துங்க, நின்னுடும். பைக்லயும் இன்ஜின் அதிர்வுல இப்படித்தான் ஏறுது.

ரெண்டுசக்கரம்:
இன்ஜின்னு சொன்னது தப்புங்க. ஐட்லிங்ல நிமிஷத்துக்கு 1,500 சுத்துன்னா நொடிக்கு 25. வாட்ச் தேடுறது நொடிக்கு 1லேர்ந்து 3 வரைக்கும்தான், மத்ததெல்லாம் ஃபில்டர்லயே போயிடும். காரணம் ஷாக் அப்சார்பர். பள்ளத்துல இறங்கினதும் வண்டி மேலயும் கீழயும் ஆடுது பாருங்க, அது நொடிக்கு ரெண்டுக்குப் பக்கம். ஒத்தை வேகத்தடையில ஏறாது, ஏன்னா பல வாட்ச் தொடர்ந்து பத்து அடி மாதிரி தெரிஞ்சாத்தான் கணக்குல சேர்க்கும். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையா மூடின தெருவுல போய்ப் பாருங்க, கிடுகிடுன்னு ஏறும். சில வாட்ச்ல சைக்கிளிங் மோட் போட்டா எண்ணுறது நின்னுடும்.

காலைநடை:
ஏறுறதை விட, ஏறாததுதான் வயித்தெரிச்சல். சூப்பர் மார்க்கெட்ல ட்ராலி தள்ளிக்கிட்டு 200 அடி எண்ணி நடந்தா 38 காட்டுது. ட்ரெட்மில் கம்பியைப் பிடிச்ச கை, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடிச்ச கை, குழந்தை வண்டி தள்ளுற கை, எல்லாம் இந்த ரகம்தான், வீசாத கை. முட்டி வலியோட மெதுவா நடக்கிற பெரியவங்களுக்கு இன்னும் மோசம். அடி விழுற அதிர்வு சின்னது, வாட்ச் வச்சிருக்கிற வரம்பைத் தாண்டாது. சிரமப்பட்டு நடந்தவங்ககிட்ட "இன்னைக்கு வெறும் 900"ன்னு காட்டுறது அநியாயம். ட்ராலி தள்ளுறப்ப போனை பேன்ட் பாக்கெட்டுல போட்டுக்கங்க, இடுப்புப் பக்கத்து அசைவு தப்பாது.

அளவுகோல்:
முதல்ல அளந்து பாருங்க. சமதளம், வழக்கமான நடை. நின்ன இடத்துல எண்ணைக் குறிச்சுக்கிட்டு, வாயால 200 எண்ணி நடந்து நில்லுங்க. உடனே பார்க்கக் கூடாது, பல வாட்ச் கொஞ்சம் தாமதமாத்தான் கூட்டும். அரை நிமிஷம் கழிச்சுப் பாருங்க. மூணு தடவை செய்யணும். 194லேர்ந்து 206க்குள்ள வந்தா பிழை 3 சதவீதத்துக்குள்ள, ஜப்பான்ல இடுப்புல மாட்டுற பெடோமீட்டருக்கே (அடி எண்ணுற கருவி) அவ்வளவுதான் அனுமதி. மூணு தடவையும் ஒரே பக்கமா விலகினா செட்டிங்ல எந்தக் கைன்னு பாருங்க. எழுதுற கையில மாட்டிட்டு மத்த கைன்னு போட்டிருந்தா கூடுதலா எண்ணும். பட்டை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாம இருக்கணும். வளையல் மாதிரி தொங்கினா வாட்ச் தனியா ஒரு ஆட்டம் ஆடும். உயரத்தை மாத்திப் போட்டா ஸ்டெப் சரியாகும்னு சிலர் சொல்றாங்க, ஆகாது. அது காலடி நீளக் கணக்கு, கிலோமீட்டர்தான் மாறும்.

துருவல்கை:
அளவுகோல் அண்ணா, கை செட்டிங் சரியாத்தான் இருக்கு. நான் சொன்னது தேங்காய் துருவுறப்ப ஏறுறதைப் பத்தி.

காலைநடை:
போனும் வாட்சும் சேர்த்து எண்ணுறவங்க ஆப்ல டேட்டா சோர்ஸ் வரிசையை, அதாவது எதோட எண்ணை முதல்ல எடுக்கணும்ங்கிறதைப் பாருங்க. ட்ராலி தள்ளுறப்ப அந்த வரிசையில வாட்சுக்கு மேலே போன் இருக்கணும்.