குமரிக் கடற்கரையில் முதல் வேலை: மறக்க முடியாத ஒரு முகம்

தருமபுரி டீச்சர்

2011-இல் குளச்சலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளி வேலை. சேர்ந்தது, வீடு பிடித்தது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். நான் சொல்ல வந்தது இரண்டாம் நாள் விடியற்காலையைப் பற்றி. நான்கு மணி இருக்கும். வீட்டுக்கார அக்கா கதவைத் தட்டி, "டீச்சர், எழும்புங்கள், வெள்ளம் வந்துவிட்டது!" என்றார். எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் ஒரே பொருள்தான். இரவெல்லாம் அலைச் சத்தத்தைக் கேட்டபடி தூங்காமல் கிடந்தவள் நான். சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவுக்கு ஓடி, "கடல் எதுவரை வந்துவிட்டது?" என்று கத்தினேன். தெருக்குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா கையிலிருந்த பச்சைக் குடத்தைக் கீழே வைத்தார். அது நிற்காமல் சாய்ந்து உருண்டது. அவர் எடுக்கவில்லை. குழாயடித் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். 2004-இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவருடைய இளைய மகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. பக்கத்து வீட்டில்தான் அன்று மாலை சொன்னார்கள்.

மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தேன். மற்றவர்களிடம் "வெள்ளம் கோரிவிட்டாயா?" என்று கேட்பவர், என் பக்கம் திரும்பினால் "தண்ணீர் வந்திருக்கிறது டீச்சர்" என்பார். ஒரு நாள்கூட மறந்ததில்லை. பிறந்த ஊரில், தன் சொந்த வாசலில், எனக்காக ஒரு சொல்லை மாற்றிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

கவுண்டர் எண் 3

டீச்சர், தண்ணீரை வெள்ளம் என்பது மலையாளச் சொல். எல்லைப் பக்கம் என்பதால் கலந்துவிட்டது.

நான் வங்கி எழுத்தராகச் சேர்ந்தது 2018 ஜனவரியில், தூத்தூர்ப் பக்கம். ஒக்கி புயல் அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமைதோறும் ஒரு பெண் பாஸ்புக் பதிய வருவார். அது அவருடைய கணவரின் கணக்கு. இயந்திரத்தில் வைத்தால் ஒரு வரிகூட விழாது. நான்காவது வாரம், வரிசை நீண்டிருந்த எரிச்சலில், "வரவும் இல்லை, செலவும் இல்லை, எதற்கம்மா வாரம் தவறாமல் வருகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "ஏ.டி.எம். கார்டு அவர் கையில்தான் இருக்கிறது சார். குஜராத்திலோ லட்சத்தீவிலோ கரை ஏறியிருந்தால் பணம் எடுத்திருப்பார் அல்லவா?"

வரிசை அப்படியே அடங்கிப்போனது. அப்படிக் கரை ஏறியவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். அதனால் "இல்லை" என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதன்பின் அவர் வரும்போதெல்லாம் எழுந்து நின்றுதான் பாஸ்புக்கை வாங்கினேன். மாற்றலாகி வரும்வரை அதில் ஒரு வரியும் விழவில்லை.

விளவங்கோட்டுக்காரன்

கவுண்டர் நண்பருக்கு: வெள்ளம் மலையாளத்திலிருந்து வந்து கலந்த சொல் அல்ல. தமிழ் அகராதியைத் திறந்து பாருங்கள், நீர் என்ற பொருளும் அங்கே இருக்கும். மற்ற ஊர்கள் பெருக்கு என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டன. நாங்கள் இரண்டையும் வைத்திருக்கிறோம். இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-இல். அதற்காக எங்கள் பெற்றோரும் பாட்டன்மாரும் போராடினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனவர்களும் உண்டு. அப்படிப்பட்ட மண்ணில் வந்து எங்கள் பேச்சைக் கலப்படம் என்று சொன்னால் வலிக்கிறது. எனக்கும் ஓர் அனுபவம் எழுத இருந்தது. இன்று மனமில்லை.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்

1988-இல் முட்டத்தில் குடியேறிய முதல் இரவு, கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுவரில் வந்து வந்து போனது. "யாரோ டார்ச் அடித்து நம்மைத் தேடுகிறார்கள்" என்று என் மூன்று வயது மகன் விடியும்வரை அழுதான். என் அனுபவம் அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கரையோரத்தில் நான்கு வீடு தள்ளினாலே உப்பு மாறும். இரும்புப் பூட்டு வாங்காதீர்கள், பித்தளை வாங்குங்கள், மாதம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று, ஆக, துணி காயவைக்க உள்ளே ஒரு கொடி கட்டாயம் வேண்டும். வெளியூர் பஸ்ஸுக்கு நாகர்கோவிலில் வடசேரி, கடற்கரை ஊர்களுக்கு அண்ணா பேருந்து நிலையம். இரண்டையும் குழப்பிக்கொண்டு இரவில் தவித்தவர்கள் பலர். குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் வேலை என்றால், ரயிலில் வரும்போது இரணியலில் இறங்குங்கள். ஏப்ரல் 15 முதல் இரண்டு மாதம் மாவட்டம் முழுக்க விசைப்படகு போகாது, மீன் விலை ஏறும், கருவாடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட, விடுமுறை நாளில் நண்பர்களோடு கடலில் இறங்காதீர்கள். காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவாக இருக்கிறது என்று நம்பவே நம்பாதீர்கள். எங்கோ தெற்கே நடுக்கடலில் எழுந்த அலை இங்கே வந்து ஏறும். அதற்குப் பெயரே கள்ளக்கடல். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் போய்விட்டார்கள். படித்து முடித்த பிள்ளைகள். கரையில் நிற்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

ஐஸ் கம்பெனிக் கணக்கர்

மின்வாரிய அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை என்பது கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்துக்கு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம்.

இது எனக்கு மறக்காது. சின்னமுட்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஏப்ரல் 10. ஐந்தே நாளில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன, ஐஸ் கேட்க ஆளில்லை. வேலை போய்விட்டது என்று பெட்டியைக் கட்டினேன். ஐஸ் உடைக்கும் பெரியவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டுத் திண்ணையில் வைத்தார். அன்று இரவு மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் அங்கேதான். அவருக்கும் அந்த இரண்டு மாதம் கூலி இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தருமபுரி டீச்சர்

விளவங்கோட்டு அண்ணா, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று அக்காவுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். வாயில் வந்தது வேறு. "அங்கே வெள்ளம் ஒழுங்காக வருகிறதா அக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எங்கே வருகிறது மக்களே, குழாய் உடைந்து நான்கு நாளாகிறது" என்றார்.