அவசரம்: நான் போட்டால் திறக்கிறது, மாணவிகள் போட்டால் பாஸ்வேர்ட் தப்பு என்கிறது. ஞாயிறு வகுப்பு!

குடியாத்தம் தம்பி (வியாழன், இரவு 10.40)
எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு எங்கள் பகுதி மகளிர் குழு அக்காக்களுக்கு அடிப்படைக் கணினி வகுப்பு தொடங்குகிறேன். பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், மீதிப் பேர் ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர்கள். இன்று சாயங்காலம் சும்மா ஒரு ஒத்திகைக்கு 6 பேரை வரச் சொன்னேன். போர்டில் பாஸ்வேர்டை எழுதிப் போட்டேன். 4 பேருக்குத் திறக்கவே இல்லை. நான் போய் உட்கார்ந்து அதையே அடித்தால் ஒரே தடவையில் திறக்கிறது. எழுந்து அவர்களை உட்கார வைத்தால் மறுபடியும் தப்பு. ஓர் அக்கா "எங்க கைராசி அப்படி தம்பி, நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். எப்படியாவது ஞாயிற்றுக்குள் சரி செய்யணும். என்ன கோளாறு?

பாலாற்று மணல் (10.52)
லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? விண்டோஸா? எந்த வெர்ஷன்? பாஸ்வேர்டா, பின் நம்பரா?

நடுநிசி ஆந்தை (11.05)
டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கே என்று சொல்லாமல் உட்கார்ந்திருப்பீர்களா? இங்கே கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது, மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். யாரும் படிப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கணினி ஆள் பார்த்துத் திறக்காது. அடிப்பது வேறு, அவ்வளவுதான்.

காட்பாடி சர்வீஸ் (11.18)
தம்பி, இது 100க்கு 100 தூசி. நம்ம ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் கீபோர்டு ஒரு வருஷம் தாங்கினால் பெரிது. கவிழ்த்துப் பிடித்து நான்கு தட்டு தட்டுங்கள். நேற்று ஒரு கடை கீபோர்டைத் தட்டினேன், அரைப் படி மிக்சர் கொட்டியது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் சரியாகிவிடும்.

பாலாற்று மணல் (11.24)
தூசி என்றால் தம்பி அடிக்கும்போதும் விழக்கூடாதே அண்ணா?

காட்பாடி சர்வீஸ் (11.27)
அவர் அழுத்தி அடிப்பார். பெண்கள் மெதுவாக அடிப்பார்கள்.

பாலாற்று மணல் (11.29)
ஷூவுக்குத் தோல் தைக்கிற கை அண்ணா அது. மெதுவா?

பெங்குவின் பிரியன் (11.46)
விண்டோஸ் 10 என்றால் அதற்கு 2025 அக்டோபர் 14 உடன் மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது. பழைய மெஷின் என்றால் கையோடு விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுவிடுங்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் (BOSS) என்கிற லினக்ஸ் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போதும், எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

நடுநிசி ஆந்தை (11.50)
வீட்டுக் கதவு திறக்கவில்லை என்று கேட்டால் வேறு வீடு கட்டச் சொல்கிற கூட்டம் வந்துவிட்டது.

குடியாத்தம் தம்பி (வெள்ளி, காலை 6.15)
மன்னிக்கணும், தூங்கிவிட்டேன். டெஸ்க்டாப்தான் சார், 6 மெஷின். ஓர் ஆபீஸில் கழித்துக் கட்டியதை வாங்கி வந்தோம். விண்டோஸ் 10. கீபோர்டெல்லாம் பெரிய சைஸ், நன்றாகவே இருக்கின்றன. பின் இல்லை, பாஸ்வேர்டுதான். இங்கிலீஷில் சின்ன எழுத்தில் வேலூர், அப்புறம் 1234. எல்லா மெஷினுக்கும் அதேதான்.

நடுநிசி ஆந்தை (6.31)
ஊருக்கே பாஸ்வேர்டைச் சொல்லியாயிற்று. நல்லது.

பாலாற்று மணல் (6.40)
ஆந்தை சார், அந்த மெஷினில் இருப்பது குப்பைத்தொட்டியும் சீட்டாட்டமும்தான். விடுங்கள். தம்பி, முதல் நாளே பாஸ்வேர்ட் எதற்கு? எடுத்துவிட்டு நேராக உள்ளே போங்களேன்.

நடுநிசி ஆந்தை (6.44)
பாஸ்வேர்ட் இல்லாமல் பழக்கினால் நாளைக்கு வங்கிக் கணக்கிலும் அப்படித்தான் நடப்பார்கள்.

ஆற்காடு டைப்பிங் டீச்சர் (7.20)
தம்பி, அந்த 1234ஐ அவர்கள் எங்கே அடித்தார்கள்? எழுத்துகளுக்கு மேல் வரிசையிலா, வலது ஓரத்திலா? நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நம்மைப் போல் விரல் பழகியவர்கள் யோசிக்காமல் மேல் வரிசைக்குப் போய்விடுவோம். புதிதாக உட்காருகிறவர்கள் கண்ணுக்கு எண் என்றால் வலது ஓரத்தில் கால்குலேட்டர் மாதிரி இருக்கிற கட்டம்தான். அங்கே எண் விழ வைக்கிற நம்லாக் அணைந்திருந்தால் 4 இடது அம்பு, 2 கீழ் அம்பு, 1 எண்ட், 3 பேஜ் டவுன். ஓர் எண்ணும் விழாது. பெட்டியில் வெறும் புள்ளிதானே தெரிகிறது, அதை யார் எண்ணிப் பார்ப்பது? உங்கள் பாஸ்வேர்டுக்கு 11 புள்ளி வரணும். அவர்களுக்கு 7தான் வந்திருக்கும். அடிக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். நான் இன்ஸ்டிட்யூட்டில் இத்தனை வருஷமாகச் செய்கிற வேலையே அதுதான்.

இன்னொன்று. போர்டில் சின்ன 'எல்' வெறும் கோடாகத்தானே எழுதினீர்கள்? பார்க்கிறவர்களுக்கு அது ஒன்று. எங்கள் பழைய டைப்ரைட்டர் பலவற்றில் 1 என்கிற கட்டையே கிடையாது, சின்ன எல்லைத்தான் ஒன்றாக அடிப்போம். போதாக்குறைக்குக் கட்டைகளில் அச்சடித்திருப்பது முழுக்கப் பெரிய எழுத்து. போர்டில் ஒரு உருவம், கட்டையில் வேறொரு உருவம். போனில் விரலை அழுத்திப் பிடித்துப் பழகியவர்கள் இங்கேயும் பிடிப்பார்கள், ஒரு எழுத்து நாலாக விழும். முதல் நாள் நோட்பேடைத் திறந்து வைத்து அடிக்க விடுங்கள், என்ன விழுகிறது என்று அவர்களே பார்க்கட்டும். பாஸ்வேர்ட் பெட்டி அப்புறம்.

ஞாயிற்றுக்கு முன் ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புங்கள்: வெள்ளெழுத்துக் கண்ணாடி இருந்தால் கட்டாயம் கொண்டுவரணும். 40 தாண்டியவர்கள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, "எனக்கு இங்கிலீஷ் வராது" என்பார்கள். வராதது இங்கிலீஷ் இல்லை, பார்வை. திரையில் எழுத்தை 125 சதவீதம் வைத்துவிடுங்கள். ஆதாரில் இருக்கிறபடி தங்கள் பெயரை இங்கிலீஷில் ஒரு சீட்டில் எழுதி எடுத்து வரட்டும். முடிந்தால் கீபோர்டை ஓர் அட்டையில் வரைந்து ஜெராக்ஸ் எடுத்து நாளைக்கே கொடுங்கள். வீட்டில் பீடி சுற்றிக்கொண்டே தன் பெயருக்கான எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடி வைப்பார்கள். முகம் தெரிந்த கட்டையிடம் பயம் போய்விடும்.

டபுள் கிளிக்கை அன்றைக்குத் தொடாதீர்கள். இரண்டாவது தட்டுக்குள் மவுஸ் நகர்ந்துவிடும், ஐகான் எங்கேயோ போய் உட்காரும். ஒரு தடவை தட்டிவிட்டு என்டர் போதும். கைக்கு மவுஸ் பழகச் சீட்டாட்டமே நல்லது.

பாலாற்று மணல் (7.34)
சாலிடேர் சீட்டாட்டம் 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்ததே ஆட்களுக்கு மவுஸ் பழக்கத்தான் என்பார்கள். பெண்கள் சீட்டாடினார்கள் என்று ஊரில் பேச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

பெங்குவின் பிரியன் (8.02)
டீச்சர், இங்கிலீஷ் கீபோர்டு எதற்கு? நேராகத் தமிழ்99 என்கிற தமிழ் கீபோர்டு முறையைச் சொல்லித் தரலாமே. அரசு 1999லேயே ஏற்றுக்கொண்ட முறை. உயிரெழுத்து இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை. அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. நடுவில் புள்ளி தானே விழும்.

ஆற்காடு டைப்பிங் டீச்சர் (8.15)
நல்ல முறைதான், நானும் அதில்தான் அடிக்கிறேன். ஆனால் 'கே' கட்டையில் ம இருக்கிறது என்று முதல் நாள் வந்தவருக்கு எப்படித் தெரியும்? கட்டையில் தமிழ் இல்லையே. ஸ்டிக்கர் ஒட்டினால் பேசலாம்.

பெங்குவின் பிரியன் (8.19)
டைப்ரைட்டர் ஆட்கள் எப்போதும் தமிழ்99க்கு ஒரு சாக்கு சொல்வீர்கள்.

ஆற்காடு டைப்பிங் டீச்சர் (8.27)
டைப்ரைட்டரில் கொம்பை அடித்துவிட்டு எழுத்தை அடித்த கை இது. தமிழ்99இல் 'கெ' வேண்டுமென்றால் க அடித்துவிட்டு எ அடிக்கணும். அந்த விரலைத் திருப்ப எனக்கே ஆறு மாதம் ஆனது. அதனால்தான் எது எவ்வளவு கஷ்டம் என்று சொல்கிறேன், சாக்கு இல்லை.

வேலூர் ஐடி பையன் (9.10)
இந்தக் காலத்தில் யார் டைப் அடிக்கிறார்கள்? போனில் பேசினாலே தமிழில் எழுத்து வருகிறதே.

நடுநிசி ஆந்தை (9.12)
பேசினாலே வேலை முடியும் என்றால் இந்த இழையே போதும், வகுப்பு வேண்டாம்.

வேலூர் ஐடி பையன் (9.15)
குடியாத்தம் எந்த மாவட்டம் சார் இப்போது? ராணிப்பேட்டையா?

பாலாற்று மணல் (9.21)
2019இல் மூன்றாகப் பிரித்ததில் குடியாத்தம் வேலூரிலேயே நின்றுவிட்டது. ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது. எங்கள் அப்பா இன்னும் கவர் மேல் வட ஆற்காடு என்றுதான் எழுதுகிறார், கடிதமும் போய்ச் சேருகிறது.

குடியாத்தம் தம்பி (சனி, இரவு 9.05)
டீச்சர், நம்லாக்தான். 3 மெஷினில் அணைந்திருந்தது, விளக்கு எரியவில்லை. நான்காவது அக்கா இரண்டு எல்லையும் ஒன்று, ஒன்று என்று அடித்திருக்கிறார். போர்டை அழித்துவிட்டு எல்லுக்கு வால் வைத்து எழுதினேன். கைராசி அக்கா வீட்டுக்கும் போய் அட்டை கொடுத்தேன். கண்ணாடி இருக்கா என்றால், வீட்டுக்காரர் கண்ணாடி இருக்கு, எடுத்து வரவா என்கிறார். எடுத்து வரச் சொல்லிவிட்டேன். காலையில் சீக்கிரம் போகணும், எல்லோருக்கும் நன்றி.

நடுநிசி ஆந்தை (9.30)
தலைப்பில் 'தீர்ந்தது' என்று சேர்க்கவும். அந்தப் பாஸ்வேர்டையும் மாற்றவும்.

ஆற்காடு டைப்பிங் டீச்சர் (ஞாயிறு, மதியம் 2.10)
தம்பி, வகுப்பு எப்படிப் போனது?

ஆற்காடு டைப்பிங் டீச்சர் (புதன், இரவு 8.45)
தம்பி?

காட்பாடி சர்வீஸ் (9.02)
எதற்கும் ஒரு தடவை கவிழ்த்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் டீச்சர்.