இன்டேக் வால்வில் கரி: தருமபுரி பக்கம் வால்நட் பிளாஸ்டிங் (வால்நட் ஓட்டுத் தூளைக் காத்தழுத்தத்தில் அடிச்சுக் கரியை எடுக்கிறது) எங்கே?

வண்டி 2020 மாடல் பிஎஸ்6 ஹேட்ச்பேக். 1.0 லிட்டர், 3 சிலிண்டர், டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன், மேனுவல் கியர். ஓட்டம் 82,000 கி.மீ., இடம் தருமபுரி.

மார்கழிக் குளிரில் ஆரம்பிச்சது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம் குலுங்குது, ஸ்கேனரில் பி0302 எரர் கோட், அதாவது 2-வது சிலிண்டர் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியா எரியலை). சூடானதும் சரியாயிடுது. ஆனா சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவையே இல்லை.

ப்ளக் மூணும் புதுசு. இக்னிஷன் காயிலை 1-வது சிலிண்டருக்கும் 2-வதுக்கும் மாத்திப் போட்டும் எரர் கோட் 2-வதிலேயே நிக்குது. கம்ப்ரஷன் மூணிலும் 12 பார் பக்கம். இன்டர்கூலர் ஹோஸ் ஸ்மோக் டெஸ்ட்டில் கசிவில்லை. இன்ஜெக்டரை பெஞ்சில் வச்சுப் பார்த்தாச்சு, சொட்டலை.

கடைசியா இன்டேக் மேனிஃபோல்டை (காத்து உள்ளே போற குழாய்த் தொகுதி) கழற்றி போர்ஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கிற சின்ன கேமரா) விட்டோம். இன்டேக் வால்வுத் தண்டைச் சுத்தி அடிப்பிடிச்ச சட்டி மாதிரி கரி, 2-வதில்தான் ரொம்ப மோசம். பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கிறதால உள்ளே வர்ற காத்து குளிருது, டர்போ அழுத்தத்திலும் நாக்கிங் (பெட்ரோல் தானா வெடிச்சு இன்ஜின் தட்டுறது) கட்டுப்படுது. அதுக்கு விலை இதுதான்: வால்வு மேல பெட்ரோல் படவே படாது, பிசிவி (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியைத் திரும்ப இன்டேக்குக்கு விடுற வால்வு) வழியா வர்ற ஆயில் ஆவி அங்கேயே காய்ஞ்சு ஒட்டிக்குது. அதனால டேங்கில் ஊத்துற கிளீனர் இதுக்கு உதவாது.

சர்வீஸ் சென்டரில் ஹெட்டை (இன்ஜின் மேல்பகுதி, வால்வெல்லாம் இருக்கிற இடம்) இறக்கணும்கிறாங்க. கம்ப்ரஷன் நல்லா இருக்கிற இன்ஜினில் அது தேவையில்லாத வேலைன்னு எனக்குப் படுது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் ஹெட்டை இறக்காம, வால்வை மூடின நிலையில் வச்சு வால்நட் பிளாஸ்டிங் சுத்தமா செய்யுற கேரேஜ் எது?