மாலை நேர இளையோர் மையங்கள்: பிள்ளைகள் எங்கே நழுவுகிறார்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

திரி தொடங்கியவர்:

வருமானம் குறைந்த குடும்பங்கள், வேறு நாட்டிலிருந்து குடியேறி வந்த குடும்பங்கள், இவர்களின் பிள்ளைகளுக்காக நகரங்களில் எத்தனையோ இலவச மாலை வகுப்புகளும் விளையாட்டுக் குழுக்களும் நடக்கின்றன. முதல் வாரம் கூடம் நிரம்பி வழியும். மூன்று மாதம் போனால் பாதி நாற்காலி காலி. உடனே பாடத்திட்டத்தை மாற்ற உட்காருவார்கள். என் கணிப்பில் பதிவு மேசை, தொலைபேசி, வீடு திரும்பும் வழி, இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலான பிள்ளைகளை இழக்கிறோம். களத்தில் கண்டதைச் செய்முறையோடு எழுதுங்கள்.

பதிவுப் பொறுப்பாளர்:

படிவத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நான்கு பக்கப் படிவம் கொடுக்கும் மையங்களில் அடிக்கடி நடப்பது இது: அம்மா முதல் பக்கத்தைப் பொறுமையாக நிரப்புவார். பக்கத்தைத் திருப்பினால் "அடையாள அட்டை நகல் இணைக்கவும்" என்றிருக்கும். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்பார். வரமாட்டார். குடியேற்ற நிலை உறுதியாகாத குடும்பத்தை விரட்ட அந்த ஒரு வரி போதும். அமெரிக்காவில், ஆவணம் இல்லை என்பதற்காகப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று 1982-லேயே பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளியில் சேரவே தேவைப்படாத தாளை மாலைக் கால்பந்துக்கு எதற்குக் கேட்பது?

ஒரு பக்கம் போதும். பிள்ளையின் பெயர், எப்படிக் கூப்பிட வேண்டும், எந்த வகுப்பு, வீட்டில் பேசும் மொழி, ஒவ்வாமையும் மருந்தும், அவசரத்துக்கு இரண்டு எண்கள், அழைத்துப்போக யாருக்கெல்லாம் அனுமதி. அவ்வளவுதான். நிதி தருபவர் வருமான விவரம் கேட்டால், பெயரே இல்லாத தனித் தாளில் மூன்று நான்கு வருமான வரம்புகளை அச்சிட்டு டிக் செய்யச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு நகல் வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. அகதிகளாக வந்த பலரின் ஆவணத்தில் பிறந்த நாள் ஜனவரி 1 என்றிருக்கும். சரியான தேதி தெரியாதபோது அப்படிப் பதிந்துவிடுவார்கள். அந்தத் தேதியை நம்பி வயதுக் குழு பிரித்தால் பிள்ளை தப்பான குழுவில் போய் உட்காரும். பெயர் விஷயமும் அப்படித்தான். குடும்பப்பெயர் வழக்கமே இல்லாதவர்களிடம் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் ஒரே பிள்ளை இரண்டு பட்டியலில் இரண்டு பெயரில் இருக்கும். ஆளுக்கு ஒரு வரிசை எண் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

குடும்பத் தொடர்பாளர்:

மேலே எழுதிய அக்கா சொன்ன இரண்டு எண்களோடு நிறுத்தாதீர்கள். ப்ரீபெய்டு சிம் வைத்திருப்பவர்களின் எண் அடிக்கடி மாறும். மாதம் ஒருமுறை அழைத்துப்போக வரும்போது வாசலிலேயே சரிபாருங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைத்தால் பலர் எடுக்கமாட்டார்கள். கடன்காரரோ, அரசு அலுவலகமோ என்ற பயம். முதலில் "இந்த மையத்திலிருந்து இன்னார் பேசுகிறேன், பிள்ளை நலம்" என்று வாட்ஸ்அப்பில் அவர்கள் மொழியில் ஒரு குரல் செய்தி, அரை நிமிடத்துக்குள். பிறகு அழையுங்கள். "பிள்ளை நலம்" என்பது முதலில் வரட்டும். அச்சிட்ட சுற்றறிக்கை பையின் அடியில் கிடந்து கசங்கும். தாய்மொழியிலும் வாசிக்கப் பழகாத பெற்றோர் இருக்கிறார்கள்.

பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தன்னைப் பற்றிய புகாரைத் தன் வாயாலேயே அப்பாவிடம் சொல்லும் நிலைக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தள்ளக் கூடாது. பாதி விஷயம் விழுங்கப்படும், மீதி உருமாறும். தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பேசுங்கள்.

தொடர்ந்து இரண்டு நாள் வரவில்லையா, அன்றே அழையுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த ஆசிரியர் அழைக்க வேண்டும். "ஏன் வரவில்லை" என்று தொடங்கினால் விசாரணை மாதிரி இருக்கும். "உன்னைத் தேடினோம்" என்றால் காரணம் தானாக வரும்.

வீட்டுப்பாட வகுப்பு ஆசிரியை:

புதிதாக வந்த பதினான்கு வயதுப் பையனுக்கு மொழித் தேர்வு வைத்து, எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைப்பார்கள். நிற்கமாட்டான், எப்படி நிற்பான்? கணக்கில் அவன் எல்லோருக்கும் முன்னால் இருக்கலாம். ஆகவே குழுவைப் பள்ளி வகுப்பின்படி பிரியுங்கள். முதல் அரைமணி கணக்கு, எண்ணும் குறியும் போதும், மொழி குறுக்கே நிற்காது. மொழிப் பயிற்சியை 20 நிமிடத் தனி அமர்வாக, அவன் வயதுப் பிள்ளைகளோடு வையுங்கள். வாசிக்கக் கொடுப்பது எளிய நடையாக இருக்கலாம். விஷயம் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பதினான்கு வயதுக்காரன் கையில் முயல் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் அது அவமானம்.

சாப்பாட்டை முதல் 15 நிமிடத்துக்குள் கொடுங்கள். கடைசியில் தந்தால் பிள்ளைகள் தங்குவார்கள் என்று கணக்குப் போடுகிறவர்கள், பசியோடு பின்னம் படிக்கும் முகங்களைப் பார்க்க வேண்டும்.

கால்பந்துப் பயிற்சியாளர்:

கட்டணம் இல்லை என்று பலகை வைத்தால் முடிந்ததா? காலணி, முழங்கால் காப்பு, பயண நாள் செலவு எல்லாம் வரிசையாக வரும். முதல் நாள் காலணி இல்லாதவன் இரண்டாம் நாள் "கால் வலி" என்பான். அளவு எழுதிய காலணி அலமாரி ஒன்றை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வையுங்கள். கேட்டு வாங்கும்படி வைக்கக் கூடாது.

முடியும் நேரத்தைப் பேருந்து அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பேருந்து போய்ப் பத்து நிமிடம் கழித்துப் பயிற்சி முடிந்தால் பெண் பிள்ளைகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஒரே திசையில் போகிறவர்களை இரண்டு பெரியவர்களோடு கூட்டமாக நடத்தி அனுப்பலாம். தாமதமாக அழைக்க வரும் பெற்றோருக்கு அபராதம் போடும் மையங்கள் இருக்கின்றன. ஷிப்ட் முடியாமல் எப்படி வருவார்கள்? அரைமணி கூடுதலாக ஒருவரைச் சம்பளத்தோடு இருக்கவிடுங்கள்.

தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பால் வராமல் போகிறவர்கள் நிறைய. மைதான ஓரத்தில் பாய், வண்ணப் பென்சில், ஒரு பெரியவர் இருந்தால் அக்காவும் ஆடலாம். ஆனால் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிரிட்டனின் குழந்தைகள் பாதுகாப்புத் தொண்டு நிறுவனமான என்எஸ்பிசிசி 9–12 வயதில் 8 பேருக்கு ஒரு பெரியவர், 13–18 வயதில் 10 பேருக்கு ஒருவர் என்கிறது; குழு எவ்வளவு சிறிதானாலும் குறைந்தது இருவர்.

திரி தொடங்கியவர்:

தம்பி தங்கைக்கும் இடம் கொடுக்கப் பயிற்சியாளர் சார் சொன்னது பழைய அறிவு. 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தில் மழலையர் வகுப்பு, சிறுவர் மன்றம், பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எல்லாம் நடந்தன. ஒரே இடத்துக்குக் குடும்பமே வந்துபோகும்போது பிள்ளை தனியாக விடுபடுவது குறையும்.

பதின்ம வயதினர் பிரிவில் இருப்பவர்:

பதினைந்தைத் தாண்டியவர்கள் விளையாட்டுப் போதாமல் போவதில்லை, வீட்டுக்குப் பணம் தேவைப்படுவதால் போகிறார்கள். சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஊதியத்தோடு கொடுத்தால் பலர் தங்குவார்கள். இதில் ஒரு சிக்கல்: எல்லோருக்கும் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருக்காது. கூட்டத்தில் "ஆவணம் கொண்டு வாருங்கள்" என்று அறிவித்தால், கொண்டு வராதவன் யார் என்று மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தனித்தனியாகப் பேசுங்கள். சட்டப்படி ஊதியம் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்பதைக் குடியேற்றச் சட்டம் தெரிந்தவரிடம் முன்பே கேட்டு வையுங்கள், அவசரத்தில் யோசிக்க வேண்டாம்.

பதிவுப் பொறுப்பாளர்:

புகைப்படம் பற்றி யாரும் சொல்லவில்லையே. வன்முறை செய்த உறவினரிடமிருந்து தப்பி வந்த குடும்பங்களும் நம்மிடம் வருகின்றன. பின்னணியில் மையத்தின் பெயர்ப்பலகையோடு ஒரு குழுப் படம் போனால் முகவரி கொடுத்த மாதிரிதான். அனுமதி தராத பிள்ளைக்கு வேறு நிறப் பட்டை கட்டிவிடுவதும் தவறு, எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். கைகளை, பந்தை, வரைந்த தாளை எடுங்கள். நிதியறிக்கைக்கு அது போதும்.