யூ.கே. வந்திறங்கிய சேலத்துக்காரர்களுக்கு: கார் இன்சூரன்ஸில் எந்த ஆட்-ஆன் தேவை?

கேள்வி:
வணக்கம்ங்க. அஸ்தம்பட்டி ஆள், இப்போது பர்மிங்காமில். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறேன். கோட் (பிரீமியம் விலை கேட்பது) போட்டால் லீகல் கவர், பிரேக்டவுன், கீ கவர், எக்ஸஸ் புரொடெக்‌ஷன், கேப் என்று வரிசையாக வந்து நிற்கிறது. ஊரில் ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் ஆட்-ஆன்) மட்டும் யோசிக்காமல் எடுப்போம். இங்கே அதைக் காணவே காணோம். எதை எடுக்க, எதை விட? ஊரில் நிற்கும் காரை அப்பா ஓட்டுகிறார், அதற்கும் அடுத்த மாதம் ரினியூவல்.

பதில்:
ஊர்க் கணக்கை முதலில் போட்டுவிடுவோம், அப்போதுதான் இங்கத்துக் கணக்கு பிடிபடும். ஏற்காடு ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒன்றில் எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கும்போது முன்பக்கம் சுவரில் இடித்துவிட்டது என்று வையுங்கள். 1200 சிசி கார், வயது இரண்டரை. பம்பர் 12,000, பிளாஸ்டிக் ஹெட்லைட் 18,000, ஃபெண்டர் 6,000, பெயிண்ட் 8,000, ஆக மொத்தம் 44,000 ரூபாய் பில். பிளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றுக்கும் தேய்மானம் 50 சதவீதம், கார் எத்தனை புதிதாக இருந்தாலும் சரி. எனவே பம்பரில் 6,000, ஹெட்லைட்டில் 9,000 போயிற்று. இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் உள்ள காரின் இரும்புப் பாகத்துக்கு 15 சதவீதம், அது 900. பெயிண்ட் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 1,000. கட்டாய டிடக்டிபிள், அதாவது எந்தக் கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, இன்னொரு 1,000. கைக்காசு 17,900. ஜீரோ டெப் இருந்தால் வெறும் 1,000.

யூ.கே. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இப்படி ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மானம் கழிக்கிற வழக்கம் இல்லை. அதனால்தான் ஜீரோ டெப் என்ற சரக்கே இங்கே விற்பனைக்கு இல்லை. இங்கே கடிப்பது எக்ஸஸ், அதாவது கிளெய்மில் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை. கட்டாய எக்ஸஸ் 250 பவுண்டு, பிரீமியம் குறையட்டும் என்று நீங்களே ஏற்றிக்கொண்ட வாலன்டரி எக்ஸஸ் 250 பவுண்டு என்றால், 600 பவுண்டு ரிப்பேருக்குக் கிளெய்ம் போட்டு வருவது 100 பவுண்டு. அதற்காக நோ கிளெய்ம்ஸையும் (கிளெய்ம் போடாத வருடங்களுக்கான தள்ளுபடி) இழக்க வேண்டும். முதலில் வாலன்டரி எக்ஸஸை 0, 100, 250 என்று மாற்றி மாற்றி கோட் பாருங்கள். 250 வைத்தால் வருடத்துக்கு 15 பவுண்டுதான் குறைகிறது என்றால் எதற்கு அந்த வம்பு? எக்ஸஸை ஏற்றிவிட்டு, ஏற்றியதற்குப் பயந்து எக்ஸஸ் புரொடெக்‌ஷனும் வாங்குவது சுத்த வீண்.

ஒவ்வொன்றாக என் கணிப்பு:

லீகல் கவர் வருடத்துக்கு ஏறக்குறைய 25 முதல் 35 பவுண்டு. இதை மட்டும் யோசித்துத்தான் விட வேண்டும். தப்பு எதிராளி மேல் இருந்தாலும் உங்கள் எக்ஸஸ், டாக்ஸிச் செலவு, காயத்துக்கான நஷ்டஈடு எதையும் உங்கள் பாலிசி தானாக வாங்கித் தராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 31 முதல் விபத்துக் காயத்துக்கான சிறு வழக்கு வரம்பை 1,000 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டுக்கு உயர்த்திவிட்டார்கள். அந்த வரம்புக்குள் வந்தால், ஜெயித்தாலும் வக்கீல் ஃபீஸ் எதிர்த்தரப்பிடமிருந்து வராது. வீட்டு இன்சூரன்ஸிலோ யூனியன் உறுப்பினர் சலுகையிலோ இது ஏற்கனவே இருக்கலாம். பார்த்துவிட்டு, இல்லையென்றால் எடுங்கள். ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று அவர்கள் வக்கீல் சொன்னால்தான் வழக்கை எடுப்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

கர்டஸி கார் (தற்காலிகமாக ஓட்டத் தரும் மாற்றுக் கார்) பெரும்பாலும் பாலிசியிலேயே வரும். ஆனால் உங்கள் கார் அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் ரிப்பேரில் இருக்கும் நாட்களுக்கு மட்டும். திருடு போனாலோ, ரைட்-ஆஃப் ஆனாலோ (ரிப்பேர் செய்து பயனில்லை என்று தள்ளிவிட்டாலோ) கிடையாது. வேலைக்குக் கார் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குத்தான் தனி ஹயர் கார் ஆட்-ஆன்.

பிரேக்டவுன் கவரில் அடிமட்ட பிளானை எடுத்து ஏமாறாதீர்கள். வீட்டு வாசலிலேயே பேட்டரி இறங்கினால் அதில் வரமாட்டார்கள், வீட்டிலிருந்து கால் மைல் தாண்டியிருக்க வேண்டும் என்று இருக்கும். குளிர்காலத்தில் கார் படுப்பது வாசலில்தான். ஹோம் ஸ்டார்ட் உள்ளதைப் பாருங்கள். பேங்க் அக்கவுன்ட்டோடு ஏற்கனவே இது வந்திருக்கலாம்.

புரொடெக்டட் நோ கிளெய்ம்ஸ் தள்ளுபடிச் சதவீதத்தை மட்டும்தான் காக்கும். அடிப்படை பிரீமியத்தை அவர்கள் ஏற்றுவதைத் தடுக்காது. எப்படியும் நாலைந்து வருட நோ கிளெய்ம்ஸ் இருந்தால்தான் தருவார்கள், புதிதாக வந்தவருக்கு இப்போதைக்குப் பேச்சே இல்லை. கீ கவர் வேண்டாம்.

கேப் இன்சூரன்ஸ் என்பது கார் ரைட்-ஆஃப் ஆனால் பாலிசி தரும் தொகைக்கும் கார் வாங்கிய விலை அல்லது மீதிக் கடனுக்கும் உள்ள இடைவெளியைத் தருவது. அதை டீலர் மேசையில் வைத்து வாங்கவே வாங்காதீர்கள். இங்குள்ள நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ. பார்த்தபோது, வசூலான பிரீமியத்தில் 6 சதவீதம்தான் கிளெய்மாகத் திரும்பியிருந்தது. 2024 பிப்ரவரியில் பல நிறுவனங்கள் விற்பனையையே நிறுத்தி வைத்தன. பெரிய ஃபைனான்ஸ் போட்டு, கார் மதிப்பைவிடக் கடன் அதிகமாக நிற்பவருக்கு மட்டும் இதில் அர்த்தம் உண்டு. ரொக்கம் கொடுத்துப் பழைய கார் வாங்கும் உங்களுக்கு இல்லை.

தானாக டிக் ஆகி நிற்கும் ஆட்-ஆன் 2016 ஏப்ரல் முதலே தடை. எனவே கோட்டில் ஏறியிருக்கிறது என்றால் நீங்கள் எங்கோ "ஆம்" அழுத்தியிருக்கிறீர்கள். வாங்கி 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

இதையெல்லாம் விட முக்கியமான இரண்டு இடம் உண்டு, அங்கே ஆட்-ஆன் எதுவும் காப்பாற்றாது. ஊரில் பாலிசி காரோடு போகும், லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் கவர். இங்கே பெயர் எழுதியவருக்கு மட்டும். சம்மருக்கு வரும் மாமா "கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன் மாப்ளே" என்றால் பெயரைச் சேர்க்காமல் சாவியைத் தராதீர்கள். அடுத்தது, ஆபீஸுக்குப் போக கம்யூட்டிங் என்று போட்டிருக்க வேண்டும். ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயில் ஏறுவதும் கம்யூட்டிங்தான். இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும், அதற்குள் இங்கத்து டெஸ்டை முடிக்க வேண்டும்.

இன்னொருவர், சேலம் காரைப் பற்றி:
அப்பா ஏற்காட்டுக்கும் ஏற்றுவார் என்றால் ஐந்து வயது வரை ஜீரோ டெப் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு கிளெய்ம் என்று வரம்பு இருக்கிறதா பாருங்கள். கார் போர்ட்டிகோவிலேயே தூங்குகிறது என்றால் அந்தப் பணம் தண்டம்.

எஞ்சின் புரொடெக்ட் உங்கள் தெருவைப் பொறுத்தது. திருமணிமுத்தாறு ஓரம், ஐப்பசி கார்த்திகையில் முட்டளவு தண்ணீர் நிற்கும் இடம் என்றால் எடுங்கள். நனைந்த காரை ஸ்டார்ட் செய்து சிலிண்டருக்குள் தண்ணீர் இழுத்து கனெக்டிங் ராடு வளைந்தால், சாதாரண பாலிசியில் அது விளைவுச் சேதம் என்று கையை விரித்துவிடுவார்கள். ஆட்-ஆன் இருந்தாலும் சாவியைத் திருகக் கூடாது என்று அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், நேராக டோயிங்தான். அந்த டோயிங்கில் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்று கேளுங்கள். ஏற்காட்டிலிருந்து டவுன் 30 கிலோமீட்டருக்குப் பக்கம்.

15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் ஆர்.சி.யில் பெயர் உள்ள உங்களுக்குத்தான், அப்பாவுக்கு இல்லை. பெயர் குறிப்பிடாத பயணிகள் கவரையும், ஆக்டிங் டிரைவர் வைப்பதுண்டு என்றால் 50 ரூபாய் பிரீமியத்தில் வரும் கூலி டிரைவருக்கான பொறுப்புக் கவரையும் சேருங்கள். கிளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்து உங்களுடையது, கேஷ்லெஸ் இல்லையென்றால் பணம் வருவதும் உங்கள் கணக்குக்குத்தான். அதை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவருக்கான இந்திய வங்கிக் கணக்கு) மாற்றியதும் கணக்கு எண்ணைப் பாலிசியில் திருத்திவிடுங்கள்.

கேள்வி:
ஊர் நோ கிளெய்ம் போனஸ் இங்கே செல்லுமா?

பதில்:
சில நிறுவனங்களில் மட்டும். போனில் கேட்டு, ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். சேலம் கிளையிலிருந்து லெட்டர்ஹெட்டில் கடிதம் வேண்டும். 50 சதவீதம் என்று மட்டும் இருந்தால் இங்கே புரியாது, எத்தனை வருடம் கிளெய்ம் இல்லை, கடைசி பாலிசி முடிந்த தேதி, பாலிசி எண் மூன்றும் இருக்கட்டும். காரை விற்றிருந்தால் ஊரில் அந்தக் கடிதம் 3 வருடம் செல்லும், இங்கே பெரும்பாலும் 2 வருடத்துக்குள்ளானதைத்தான் கேட்பார்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வேண்டும். பாலிசியில் வெறும் இனிஷியல் இருந்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருந்தால் வேறு ஆள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் ரினியூவலுக்கு அப்பா ஆபீஸ் போகும்போதே அதைத் திருத்தி வாங்கிவிடுங்கள்.